கார்டுக்குள் ஒரு பேனல்: விண்டோஸ் ஃபார்ம்ஸ் டிசைனரோடு ஆறு வருஷம்

பெங்களூரு பீன்யாவில் பம்பு, வால்வு சோதிக்கும் இயந்திரங்கள் செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் திரைகள் எழுதுவது என் வேலை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், அதில் விண்டோஸ் திரைகளை வரையப் பயன்படும் விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதிய ஒரு அப்ளிகேஷன். மைக்ரோசாஃப்டின் புரோகிராம் எழுதும் தளமான டாட்நெட்டின் முதல் பதிப்போடு 2002-இல் வந்தது இது. ஒயிட்ஃபீல்டில் வெப் வேலை பார்க்கும் என் தம்பி "இன்னுமா அதைக் கட்டி அழுற?" என்பான். ஆமாம், இன்னும்தான். பட்டனை இழுத்து வைத்து, சாயங்காலத்துக்குள் இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்கு அமையவில்லை.

எங்கள் திரைகள் எல்லாம் ஒரே ஜாடை. மேலே தலைப்புப் பட்டை, அதில் ஒரு விளக்கு, கீழே நாலைந்து கட்டங்கள். இதை 'கார்டு' என்று ஒரு காம்போனென்டாகச் செய்துவிட்டால், ஃபார்ம் (ஒரு திரை) வரைகிறவர் கீழ்ப்பகுதியில் வேண்டியதை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம்.

சும்மா ஒரு யூசர்கண்ட்ரோலாக, அதாவது பல உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே உறுப்பாக, செய்தால் இது நடக்காது. ஃபார்மில் வைத்ததும் டிசைனர் (கோட் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோவில் திரை வரையும் பகுதி) அதை ஒரே கட்டியாகத்தான் பார்க்கும். உள்ளே இருக்கும் பேனலை, அதாவது பட்டன்கள் போட வேண்டிய கீழ்ப்பகுதியை, தொட முடியாது. உள்ளே மற்றவற்றைப் போட விடும் பேரன்ட்கண்ட்ரோல்டிசைனரை ஒட்டினால் கார்டு முழுவதுமே திறந்துகொள்ளும்; பட்டன் தலைப்புப் பட்டை மேலும் போய் உட்காரும். சரியான வழி வேறு. உள் பேனலை கார்டின் ஒரு பிராப்பர்ட்டியாக (பண்பாக) வெளியே காட்ட வேண்டும், அதன் உள்ளடக்கத்தையும் ஃபார்மின் கோடில் சேர்த்து எழுதச் சொல்லும் அட்ரிபியூட்டை (டிசைனருக்கான குறிப்பை) அதன் மேல் வைக்க வேண்டும். அப்புறம் கார்டுக்கென்று ஒரு டிசைனர் கிளாஸ் எழுதி, அதில் உள் பேனலை டிசைனரில் திறந்துவிடும் எனேபிள்டிசைன்மோட் என்ற மெத்தடைக் கூப்பிட வேண்டும். 2005-இல் டாட்நெட் 2.0-வோடு வந்த மெத்தட் அது. அதே பதிப்பில் வந்த, இடத்தை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்கன்டெய்னரின் இரண்டு பக்கங்களும் இந்த வழியில்தான் திறக்கின்றன. மொத்தம் பத்துப் பதினைந்து வரி. பேனலுக்குள் முதல் பட்டன் விழுந்த அன்று எதிர்க் கடையில் எல்லோருக்கும் பை-டூ காபி என் செலவில்.

முதல் வருஷம் எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு வாடிக்கையாளர் திரை முழுக்கக் கன்னடத்தில் வேண்டும் என்று கேட்டபோதுதான் சிக்கியது. கன்னடத்தில் ஒத்தெழுத்துகள் வரிக்குக் கீழே தொங்கும். 32 பிக்சல் பட்டையில் அவற்றின் கால்கள் வெட்டுப்பட்டன. பட்டையை 48 ஆக்கி, பேனலையும் கீழே இறக்கி, பில்ட் போட்டேன். புது ஃபார்ம்களில் அழகாக வந்தது. பழைய 63 ஃபார்ம்களிலும் பேனல் 32-லேயே நின்று, பட்டையின் அடிப்பகுதியோடு மோதியது.

காரணம் இதுதான்: உள்ளடக்கத்தையும் எழுது என்று டிசைனரிடம் சொன்னது நான். அது பேனலுக்குள் போட்ட பட்டன்களை மட்டும் எழுதவில்லை. பேனலின் இடம், அளவு எல்லாவற்றையும் ஒவ்வொரு ஃபார்மின் இனிஷியலைஸ்காம்போனென்டிலும் (டிசைனரே எழுதும் கோட்) எழுதி வைத்துவிட்டது. கார்டு, தான் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் புது இடத்தை வைக்கும். அடுத்த நொடியே ஃபார்மின் கோட் பழைய இடத்தைத் திரும்ப வைக்கும். பேனல் யாருடைய சொத்து, கார்டுடையதா ஃபார்முடையதா என்று நான் முடிவு செய்யவே இல்லை. தப்பு என்னுடையதுதான்.

முதல் நாளே பேனலை, மீதி இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும் டாக் ஃபில்லில் வைத்திருந்தால் எழுதப்பட்ட எண்கள் லேஅவுட்டில் அடிபட்டுப் போயிருக்கும். ஆனால் அதுவும் பாதி மருந்துதான். ஃபார்ம் வரைகிறவர் பிராப்பர்ட்டி ஜன்னலில் டாக்கையே மாற்றலாம். கடைசியில் பேனலிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து, டாக், லொகேஷன், சைஸ் மூன்றையும் அதில் மறு அறிவிப்பு செய்து, எழுதாதே, ஜன்னலில் காட்டாதே என்று குறித்தேன். அந்தக் கிளாஸுக்கும் ஒரு டிசைனர். நகர்த்தும் பிடிகள் தெரியாதபடி செலக்‌ஷன்ரூல்ஸைப் பூட்டினேன். பழைய 63 ஃபார்ம்களின் வரிகளையும் கையால் அழித்தேன். இரண்டு சனிக்கிழமை போனது.

இன்னொரு கூத்து அந்த விளக்கால் வந்தது. அது நொடிக்கொரு முறை சீரியல் போர்ட் வழியாக இயந்திரத்தைக் கேட்டு நிறம் மாறும். டிசைன் நேரத்தில் கேட்க வேண்டாம் என்று, இது வரையும் நேரமா என்று சொல்லும் டிசைன்மோட் பிராப்பர்ட்டியைப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். ஆனால் அந்த பிராப்பர்ட்டி சைட்டை (டிசைனரோடு இணைக்கும் தொடர்பை) பார்த்துப் பதில் சொல்வது. கார்டுக்குள் பிறந்த விளக்குக்கு சைட்டே கிடையாது. அதனால் எப்போதும் 'இல்லை' என்றுதான் சொல்லும். நான் ஃபார்மைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போக, அதே கம்ப்யூட்டரில் சோதனை ஓட்ட வந்த கிருஷ்ணகிரி அண்ணன் போர்ட் கிடைக்காமல் கேபிளை மூன்று தடவை மாற்றியிருக்கிறார். போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தது விஷுவல் ஸ்டூடியோ. "ஏப்பா, படம் வரையுற சாஃப்ட்வேர் பம்போட எதுக்குப் பேசுது?" என்றார். இப்போது கன்ஸ்ட்ரக்டரிலேயே, அதே கேள்விக்குப் பதில் சொல்லும் லைசன்ஸ்மேனேஜரின் யூசேஜ்மோடைப் பார்த்து ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்கிறேன். கன்ஸ்ட்ரக்டரைத் தாண்டினால் அந்தப் பதிலையும் நம்ப முடியாது.

டாட்நெட் 8-க்கு மாறியது நான் பயந்த அளவு இல்லை. விஷுவல் ஸ்டூடியோ 2022 இன்னும் பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கின் மேல்தான் ஓடுகிறது, அதனால் புதிய டாட்நெட் கோடைத் தனக்குள் ஏற்ற முடியாது. ஃபார்மை வரைவது டிசைன்டூல்ஸ்சர்வர் என்ற தனி பிராசஸ். டிசைனர் கிளாஸ்களுக்கு அதற்கான எஸ்டிகே (லைப்ரரித் தொகுப்பு) பேக்கேஜைச் சேர்த்து நேம்ஸ்பேஸை மாற்றினேன். எனேபிள்டிசைன்மோட் அதே பெயரில் இருந்தது. விளக்கு நிறத்துக்கு நான் எழுதியிருந்த எடிட்டர்தான் மாட்டிக்கொண்டது. ஜன்னல் காட்டும் எடிட்டர் என்றால் பாதி விஷுவல் ஸ்டூடியோ பக்கம், பாதி அந்தத் தனி பிராசஸ் பக்கம் என்று பிரித்து எழுத வேண்டும். நாலு நிறத்துக்கு அது தேவையா? ஒரு enum (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) ஆக்கி விட்டேன்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஓசூர்ப் பையன், கார்டில் இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என இரண்டு பேனல் திறந்து தர முடியுமா என்று கேட்டான். முடியும், இன்னொரு எனேபிள்டிசைன்மோட் வரி போதும். "இரண்டு கார்டு வெச்சுக்கோ தம்பி" என்று சொல்லிவிட்டேன்.