குரோனி: லினக்ஸில் நேரம் காக்க எதைப் போடலாம்?

சர்வரோ மடிக்கணினியோ மெய்நிகர் கணினியோ, லினக்ஸ் ஓடும் இயந்திரத்தில் நேரத்தைச் சரியாக வைத்திருக்க ஒரே ஒரு மென்பொருளைச் சொல்லச் சொன்னால் குரோனியைச் சொல்லலாம். நெட்டில் உள்ள நேர சர்வர்களைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்துவது இது. நிறுவியவுடன் சிஸ்டம் கடிகாரத்தைக் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். மதர்போர்டில் இருக்கும் ஆர்டிசி கடிகாரத்தின் விஷயம் அப்படியில்லை. அதற்கு நாம்தான் சில வரிகள் எழுத வேண்டும், சில பழைய வழக்கங்களைக் கைவிட வேண்டும்.

ஆர்டிசி, சிஆர்2032 பட்டன் பேட்டரியில் கணினி அணைந்திருக்கும்போதும் ஓடுவது. சிஸ்டம் கடிகாரம் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் நடத்துவது; ‘டேட்’ கட்டளை காட்டுவதும் லாக் கோப்பில் பதிவாவதும் இதுதான். பூட் ஆகும்போது கர்னல் ஆர்டிசியைப் பார்த்துத் தன் நேரத்தை வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு இரண்டும் அவரவர் போக்கில் ஓடும். இரண்டும் குவார்ட்ஸ் படிகத்தை நம்பியவை, வெப்பம் மாறினால் வேகமும் மாறும். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழை என்பது காகிதத்தில் சின்ன எண். ஆனால் ஒரு நாளைக்கு 1.7 விநாடி, ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 52 விநாடி.

இதே வேலையைச் செய்யும் பழைய மென்பொருளான என்டிபிடியைவிடக் குரோனி தெளிவாக முன்னே நிற்பது இந்த விலகலைக் கையாளும் விதத்தில். என்டிபிடி கடிகாரத்தை மெல்ல நகர்த்தும்போது 500 பிபிஎம்-க்கு மேல் போகாது. அந்த வேகத்தில் ஒரு விநாடியைச் சரிசெய்ய 2000 விநாடி, அதாவது அரை மணி நேரத்துக்கும் மேல். குரோனி லினக்ஸில் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை வேகத்தை மாற்றும். அதே ஒரு விநாடி சுமார் 12 விநாடியில் சரியாகிவிடும். தவிர, படிகம் எவ்வளவு வேகமாக அல்லது மெதுவாக ஓடுகிறது என்பதைக் கணக்கிட்டு டிரிஃப்ட் கோப்பில் எழுதி வைக்கிறது. மறுபடி பூட் ஆனால் அந்த எண்ணிலிருந்தே தொடங்கும். நெட் துண்டிக்கப்பட்டாலும் கற்றுக்கொண்ட விகிதத்தில் திருத்திக்கொண்டே இருக்கும். அடிக்கடி தூங்கி எழும் மடிக்கணினிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

அமைப்புக் கோப்பு குரோனி.கான்ஃப். ரெட் ஹாட் வகையில் இது இடிசி கோப்புறையிலேயே இருக்கும், டெபியன் வகையில் இடிசிக்குள் குரோனி என்ற துணைக் கோப்புறையில். அடிப்படைக்கு நான்கு வரி போதும்: ‘பூல்’ (எந்த நேர சர்வர்களைக் கேட்பது), ‘டிரிஃப்ட்ஃபைல்’ (டிரிஃப்ட் கோப்பு எங்கே இருப்பது), ‘மேக்ஸ்டெப் 1.0 3’ (makestep), ‘ஆர்டிசிசிங்க்’. பூல் வரியின் கடைசியில் ‘ஐபர்ஸ்ட்’ சேர்த்தால் முதல் சில கேள்விகள் இரண்டு விநாடி இடைவெளியில் போகும், நேரம் சீக்கிரம் பிடிபடும். ஃபயர்வாலில் உள்வரும் போர்ட் எதையும் திறக்க வேண்டாம். வெளியே யூடிபி 123 போனால் போதும். மற்ற கணினிகளுக்கு நேரம் வழங்க வேண்டுமென்றால் மட்டும் ‘அலோ’ வரியும் உள்வரும் 123-உம் தேவை.

சர்வர் எண்ணிக்கையில் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். இரண்டு சர்வர் வைத்து, இரண்டும் வேறு வேறு நேரம் சொன்னால் எது பொய் என்று எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க முடியாது. மூன்று இருந்தால் தவறான ஒன்றை ஒதுக்கலாம். நான்கு இருந்தால் ஒன்று செத்துப்போனாலும் அந்தப் பாதுகாப்பு நிற்கும். ‘பூல்’ வரி தானாகவே நான்கு வரை எடுத்துக்கொள்ளும். கூகுள் போல லீப் விநாடியை (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக எப்போதாவது கூட்டப்படும் ஒரு விநாடி) நாள் முழுக்கப் பரப்பிக் கொடுக்கும் சர்வர்களைச் சாதாரண சர்வர்களோடு ஒரே கோப்பில் கலக்காதீர்கள். கடைசி லீப் விநாடி 2016 டிசம்பர் 31-இல் வந்தது. அடுத்தது வந்தால் அன்றைக்கு இந்தக் கலவை தகராறு செய்யும்.

‘மேக்ஸ்டெப் 1.0 3’ என்றால், முதல் மூன்று திருத்தங்களில் பிழை ஒரு விநாடிக்கு மேல் இருந்தால் ஒரே தாவலாகத் தாவு, அதன் பிறகு மெல்ல நகர்த்து என்று பொருள். சர்வருக்கு இதுவே சரி, ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் நேரம் பின்னோக்கித் தாவினால் பதிவுகளின் வரிசை குலைந்துவிடும். நிறுத்தி வைத்து மறுபடி எழுப்பும் மெய்நிகர் கணினியில் மூன்று வாய்ப்பும் எப்போதோ தீர்ந்திருக்கும். பல மணி நேரப் பிழையை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருக்கும். அங்கே 3-க்குப் பதில் -1 எழுதினால் எப்போது வேண்டுமானாலும் தாவும். ஒரே ஒரு முறை கையால் தாவ வைக்க குரோனியின் கட்டளைக் கருவியான குரோனிசியில் ‘குரோனிசி மேக்ஸ்டெப்’ போதும்.

இனி ஆர்டிசி. ‘ஆர்டிசிசிங்க்’ வரி இருந்தால், சிஸ்டம் கடிகாரம் ஒத்திசைவில் இருக்கும்வரை கர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நேரத்தை ஆர்டிசியில் எழுதும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். ஆனால் பழைய ஸ்கிரிப்டுகளில் ஆர்டிசியைத் திருத்தும் ‘ஹெச்டபிள்யூகிளாக் --அட்ஜஸ்ட்’ கட்டளை ஒட்டிக்கொண்டிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். அது அட்ஜ்டைம் கோப்பில் உள்ள பழைய விலகல் கணக்கை வைத்துத் திருத்துவது. இடையில் கர்னல் ஆர்டிசியை மாற்றியது அதற்குத் தெரியாது. ஏற்கெனவே சரியாக இருக்கும் கடிகாரத்தை இன்னொரு முறை ‘சரிசெய்து’ கெடுத்துவிடும்.

பல நாட்கள் அணைந்தே கிடக்கும், அல்லது பூட் ஆகி வெகுநேரம் நெட் இல்லாமல் ஓடும் கணினிக்கு ‘ஆர்டிசிஃபைல்’ என்ற இன்னொரு வழி உண்டு. இதில் குரோனி ஆர்டிசியின் விலகலையும் தனியாக அளந்து வைத்து, -எஸ் விருப்பத்தோடு தொடங்கும்போது அந்தக் கணக்கைக் கழித்தே சிஸ்டம் நேரத்தை வைக்கும். நல்ல வசதி, கொஞ்சம் செல்லம் கொடுத்து வளர்க்க வேண்டிய வசதி. ‘ஆர்டிசிசிங்க்’கோடு சேர்த்துப் போட முடியாது. ஆர்டிசி யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறது என்று ‘ஆர்டிசிஆன்யூடிசி’ வரியில் சொல்லாவிட்டால் உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். ஷட்டவுனில் சிஸ்டம் நேரத்தை ஆர்டிசியில் எழுதும் ‘ஹெச்டபிள்யூகிளாக் --சிஸ்டோஹெச்சி’ ஓடினால் அளவீடு மொத்தமும் வீண். ஆர்டிசி வெகுதூரம் விலகாமல் இருக்க ‘ஆர்டிசிஆட்டோட்ரிம் 30’ சேர்ப்பது நல்லது. பிழை 30 விநாடியைத் தாண்டினால் தானே திருத்தி எழுதும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, மாறி மாறி பூட் செய்யும்போது நேரம் துல்லியமாக உங்கள் நேர மண்டல வித்தியாசத்தின் அளவுக்கே தவறினால், குரோனியைக் குறை சொல்லிப் பயனில்லை. விண்டோஸ் ஆர்டிசியில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் அதை யூடிசியாகப் படிக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல்டைம்இஸ்யூனிவர்சல்’ என்ற மதிப்பை 1 ஆக்கினால் விண்டோஸும் யூடிசிக்கு வந்துவிடும். லினக்ஸ் பக்கம் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 0’.

குரோனியில் 4.0 பதிப்பிலிருந்து என்டிஎஸ் ஆதரவு இருக்கிறது. நேரத் தகவலை இடையில் யாரும் மாற்றாமல் காக்கும் ஏற்பாடு, கூடுதலாக டிசிபி 4460 வெளியே போக வேண்டும். சர்வர் வரியில் ‘என்டிஎஸ்’ என்று சேர்த்தால் முடிந்தது. சிக்கல் எங்கே என்றால், பேட்டரி தீர்ந்த கணினி பல வருடம் பின்னால் போய் எழும், அந்தத் தேதியில் சர்வரின் சான்றிதழ் ‘இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’ என்றாகும், என்டிஎஸ் தோற்கும், நேரம் கிடைக்காததால் தேதியும் திருந்தாது. ‘நோசெர்ட்டைம்செக் 1’ எழுதினால் முதல் திருத்தம் வரை சான்றிதழின் தேதியைப் பார்க்காது. பாதுகாப்பு அந்த அளவுக்குக் குறையும் என்பதால் புதுப் பேட்டரிதான் முதல் மருந்து.

வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு கட்டளை. ‘குரோனிசி சோர்சஸ்’ பட்டியலில் ^* குறி உள்ளதுதான் தேர்ந்தெடுக்கப்பட்ட சர்வர், ^+ அதோடு சேர்த்துக் கணக்கிடப்படுவது, ^x பொய் நேரம் சொல்வதாக ஒதுக்கப்பட்டது, ^? இன்னும் தேர்வுக்குத் தகுதி பெறாதது. ரீச் என்ற எண் எட்டடிமான முறையில் இருக்கும்: 377 என்றால் கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது, 0 என்றால் ஒன்றுமே வரவில்லை, ஃபயர்வாலைப் பாருங்கள். ‘குரோனிசி டிராக்கிங்’கில் ‘சிஸ்டம் டைம்’ வரி இப்போதைய பிழையையும் ‘ஃப்ரீக்வென்சி’ வரி படிகத்தின் விலகலை பிபிஎம்-இலும் காட்டும்.

குறைகளும் உண்டு. பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் முறையில் நேரம் பெற முடியாது. ஜிபிஎஸ் கருவியை நேரடியாகப் படிக்கத் தெரியாது, நடுவில் ஜிபிஎஸ்டி என்ற மென்பொருள் வேண்டும். கன்டெய்னருக்குள் (ஹோஸ்ட் கணினியின் கர்னலிலேயே தனியாகப் பிரித்து ஓடும் சூழல்) போட்டால் கடிகாரத்தை மாற்றும் உரிமை இல்லாமல் நின்றுவிடும். அங்கே அது தேவையும் இல்லை, கன்டெய்னர்கள் ஹோஸ்டின் கடிகாரத்தையே பகிர்கின்றன.

சாதாரண மேசைக்கணினிக்கு சிஸ்டம்டி-டைம்சிங்க்டி என்ற எளிய நேர மென்பொருள் போதாதா என்றால், போதும். ஒரே ஒரு சர்வரைக் கேட்டு அது சொல்வதை அப்படியே நம்பும், அவ்வளவுதான். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடக்கூடாது. ஒன்று திருத்தியதை மற்றது திருத்தி, ஃப்ரீக்வென்சி எண் அலைபாயும். டெபியனில் குரோனியை நிறுவினால் டைம்சிங்க்டி தானாக நீங்கிவிடும். மற்ற இடங்களில் ‘சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் சிஸ்டம்டி-டைம்சிங்க்டி’ போட்டு அதை நிறுத்திவிட்டே குரோனியைத் தொடங்குங்கள்.