பூனையின் வீட்டுக்குப் போவதா, பூனையை வீட்டுக்குக் கொண்டுவருவதா?

முன்பெல்லாம் கொழும்புக்கு வெளிக்கிடுபவர்கள் திறப்பை அயல்வீட்டில் கொடுத்து, "பூனையை ஒருக்கா பாருங்கோ" என்றால் போதும். இப்போது யாழ்ப்பாணத்தில் அயல்வீடும் பூட்டித்தான் கிடக்கிறது. அதனால் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பார்ப்பவருக்கு இரண்டு வழி: போய்வருவது, அல்லது நம் வீட்டிலேயே வைத்திருப்பது.

கணக்குப் பார்த்தால் வீட்டில் வைத்திருப்பதுதான் இனிக்கும். பெற்றோல் செலவில்லை, மூன்று பூனை வந்தால் மூன்று காசு. வில்லங்கமும் அந்த மூன்றில்தான். பூனைக்குப் பழகிய இடம் பெரிது. புது வீட்டில் கட்டிலுக்கு அடியில் பதுங்கிச் சாப்பிடாமல் கிடக்கும். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம். அதைவிட மோசம் பன்லூக்கோபீனியா என்ற, பூனைக்குப் பூனை தொற்றி உயிரையே எடுக்கும் வைரசு நோய். அந்த வைரசு தரையிலும் தட்டிலும் ஒரு வருடம்வரைகூடத் தங்கும். வெறும் சவர்க்காரத்துக்கு அசையாது. தடுப்பூசி அட்டை காட்டாத பூனையை எவ்வளவு தந்தாலும் ஏற்கவேண்டாம். பழைய ஓட்டு வீடென்றால் இன்னொரு தலையிடி: கூரை இடுக்கால் ஏறிப் போனால் பிறகு வளவு வளவாகத் தேடவேண்டியதுதான்.

போய்வருவதில் பூனைக்கு நிம்மதி, நமக்கு அலைச்சல். கோண்டாவிலில் இருந்துகொண்டு அரியாலைப் பூனையை ஒப்புக்கொண்டால் காசு பெற்றோலுக்கே போய்விடும். சைக்கிள் எட்டும் தூரத்துக்குள் நின்றால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். ஒன்றை மட்டும் விடக்கூடாது: ஒவ்வொரு தரமும் மணல் தட்டைக் கிளறிப் பாருங்கள். கடுவன் முக்கியும் சிறுநீர் போகவில்லையென்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மருந்து குடிக்கும் பூனை, குட்டிகள் என்றால் சரி, வீட்டில் வைத்திருப்பதுதான் நல்லது. வலிக்குதாக்கும் என்று பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது பூனைக்கு நஞ்சு.

நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் பல வீடுகளில் மச்சம் இல்லை. பூனைக்கு அந்த விரதம் ஒத்துவராது. டோரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதியளவு தானாகச் செய்துகொள்ளாது, இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் எடுக்கும். பருப்பும் சோறும் காணாது. அந்த நாட்களில் பூனையை வீட்டுக்கு எடுப்பதென்றால் உலர் தீனிப் பையை உரிமையாளரிடமே முன்கூட்டிக் கேட்டு வாங்கிவிடுங்கள். பையில் மீன் படம் போட்டிருந்தாலும், குசினியில் சூடை மீன் அவித்தால் கோபிப்பதைப்போல அம்மா அதற்குக் கோபிக்க மாட்டா.