இரண்டு பிளேடா, மூன்று பிளேடா?

தோவாளைப் பக்கத்துக் குளத்தில் 26 சிசி பெட்ரோல் ரிமோட் ஹைட்ரோபிளேன், அதாவது தண்ணீர் மேல் வழுக்கி ஓடும் குட்டிப் பந்தயப் படகு, விடுகிறேன். நேர்வழியில் வேகம்தான் வேண்டுமென்றால் இரண்டு பிளேடு புரொப்பல்லர். சுமை குறைவு, இன்ஜின் சட்டென்று சுற்று ஏறும். 70 மில்லிமீட்டர் விட்டம், 1.4 பிட்ச் (விட்டத்தைப் போல 1.4 மடங்கு முன்னேற்றம்) என்றால், தண்ணீரில் வழுக்கி வீணாவதைக் கழிக்காமல், ஒரு சுற்றுக்கு 98 மில்லிமீட்டர் முன்னேறும்.

மூன்று பிளேடு தண்ணீரை இறுகப் பிடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆடிக்காற்று அடிக்கும்போது, வளைவில் அந்தப் பிடி தெரியும். ஆனால் இன்ஜின் திணறும். தாமரைத்தண்டு நார் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டால் எதுவானாலும் கரைக்கு இழுத்து வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

அப்புறம் எக்சாஸ்ட். டியூன்டு பைப் (இன்ஜினுக்கு ஏற்ப நீளம் சரிசெய்யும் புகைக்குழாய்) குட்டையானால் உச்ச சக்தி உயர்ந்த சுற்றில் வரும், நீண்டால் தாழ்ந்த சுற்றிலேயே வரும். அதனால் இரண்டு பிளேடுக்குக் குட்டை, மூன்று பிளேடுக்குச் சற்று நீளம். ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் மட்டும் நகர்த்திப் பாருங்கள். என் தேர்வு இரண்டு பிளேடுதான்.