வால்பாறை ‘பசுமை விடுதி’க்குப் பணம் கட்டும் முன்

அண்ணா நகரில் ஒரு டிராவல்ஸில்தான் புக் செய்தோம். மழைக்காட்டுக்குள் மூங்கில் குடில், சோலார் மின்சாரம், பிளாஸ்டிக்கே கிடையாது என்றார்கள். நாலு பேர், இரண்டு இரவு, 36,000 ரூபாய். முழுப் பணத்தையும் முன்னாடியே ஜிபேயில் வாங்கிக்கொண்டு, ரசீதில் ‘அறை வாடகை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயே நான் கேட்டிருக்க வேண்டும்.

பாலக்காடு எக்ஸ்பிரஸில் பொள்ளாச்சி. அங்கிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள். இருவாட்சிப் பறவையைப் பார்த்துவிட வேண்டும் என்று மூட்டுவலியோடு அம்மாவும் வந்தார். போய் இறங்கினால் சுற்றிலும் தேயிலை. நடுவே நின்றவை சில்வர் ஓக், நிழலுக்காக நடுகிற ஆஸ்திரேலிய மரம். வால்பாறையில் மழைக்காடு எஸ்டேட்டுகளுக்கு இடையே துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அதில் ஒரு துண்டுகூட விடுதிக்குப் பக்கத்தில் இல்லை. குடில் என்றது சிமெண்ட் சுவர், மேலே மூங்கில் தட்டி. சாயங்காலம் போட்ட டீசல் ஜெனரேட்டர் ராத்திரி பதினொரு மணி வரை ஓடியது.

சரி, இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். மறுநாள் காலை பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை. சமையலறைக்குப் பின்னால் மிச்சச் சோற்றைக் கொட்டிவிட்டு, “சிங்கவால் குரங்கு வரும் சார், போட்டோ எடுங்க” என்று கூப்பிட்டார்கள். வந்தது. வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு தாய், கையில் சிப்ஸ் பாக்கெட். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது. மர உச்சியில் பழம் தேடித் தின்ன வேண்டியதை எச்சில் சோற்றுக்குத் தரையில் இறக்கியிருக்கிறார்கள். என் மகள் அழுதுவிட்டாள்.

அப்புறம் ஆளுக்கு 1,500 ரூபாய்க்கு ஸ்பாட்லைட் ஜீப்பில் ராத்திரி சஃபாரி என்றார்கள். வனத்துறை அனுமதியைக் காட்டுங்கள் என்றேன். பதிலே இல்லை. அன்றே கிளம்பிவிட்டோம்.

மீதிப் பணத்துக்கு டிராவல்ஸ் அலுவலகம் விடுதியைக் கை காட்டுகிறது, விடுதி டிராவல்ஸ் அலுவலகத்தை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். 2019 நுகர்வோர் சட்டப்படி, விடுதி எங்கே இருந்தாலும் நாம் வசிக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை.

புக் செய்யப் போகிறவர்கள், குப்பை எங்கே போகிறது, மின்சாரம் எதில் வருகிறது, காடு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பணம் கட்டாதீர்கள். ரசீது, ஜிபே விவரம், அந்தத் தாய்க்குரங்கின் படம் மூன்றையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன்.