3 வருடமாக பேம்-மவுண்ட்: 4 டெஸ்க்டாப், 11 பேர்

எங்களுடையது சின்ன மொழிபெயர்ப்பு ஆபீஸ். 4 டெஸ்க்டாப், எல்லாவற்றிலும் உபுண்டு லினக்ஸ். பகுதிநேரமாக வருபவர்களையும் சேர்த்து 11 பேர். யார் எந்த சீட்டில் உட்காருவார் என்பது அன்றைக்கு யார் முதலில் வருகிறார் என்பதைப் பொறுத்தது. மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸைப் போட்டு, ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிரும் சாம்பா என்ற புரோகிராமை ஓட்டுகிறோம்; அதுதான் எங்கள் சர்வர், எல்லா ஃபைலும் அதில்தான். எந்த மிஷினில் லாகின் செய்தாலும் அவரவர் ஃபோல்டர் தானாக வந்து நிற்க வேண்டும், அடுத்தவருடையது கண்ணில் படக்கூடாது. கேட்டது அவ்வளவுதான். அதை இப்போது செய்வது பேம்-மவுண்ட் என்ற சின்ன புரோகிராம்.

முதலில் எல்லோரையும் போல நானும், மிஷின் தொடங்கும்போதே எந்த ஷேர் (சர்வரில் பகிரப்படும் ஃபோல்டர்) இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதில் கொடுப்பது ஒரே ஒரு பெயர், ஒரே ஒரு பாஸ்வேர்டு. ஆக யார் சேமித்தாலும் சர்வரில் அது ஒரே ஆளின் பெயரில்தான் விழும். அதைக்கூடச் சகித்துக்கொண்டிருப்பேன், கரண்ட் போய் வந்ததுதான் பெரிய வினையானது. டெஸ்க்டாப்களில் வேகமான எஸ்எஸ்டி, சர்வரில் பழைய ஹார்ட் டிஸ்க். கரண்ட் வந்ததும் டெஸ்க்டாப்கள் முந்திக்கொண்டு எழுந்து, சர்வரைக் காணாமல் ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கும். அந்தக் காத்திருப்பு எரிச்சலாக இருக்கிறதே என்று ஷேர் வராவிட்டாலும் காத்திருக்காமல் தொடங்கச் சொல்லும் 'நோஃபெயில்' என்ற வார்த்தையை அந்த வரியில் சேர்த்தேன். சேர்த்திருக்கக் கூடாது.

ஒரு நாள் மதியம், "தம்பி, காலையில் முடித்த 3 ஃபைலையும் காணோம்" என்று எங்கள் மூத்த மொழிபெயர்ப்பாளர் வந்து நின்றார். சர்வரில் தேடினேன், பேக்கப்பில் தேடினேன், இல்லை. நடந்தது இதுதான்: காலையில் ஷேர் இணையவே இல்லை, ஆனால் அதை மாட்டும் காலி ஃபோல்டர் அந்த மிஷினில் இருந்தது, அதில் எல்லோரும் எழுதலாம் என்று 777 கொடுத்து வைத்த புண்ணியவான் நான்தான், சார் அதற்குள்ளேயே சேமித்துவிட்டார், பிறகு நான் ஷேரை இணைத்ததும் அவருடைய ஃபைல்கள் அதற்கு அடியில் மறைந்துபோயின. ஷேரைக் கழற்றினேன், மூன்றும் பத்திரமாக இருந்தன. அன்றைக்கே காலி ஃபோல்டர்களில் ரூட் (அட்மின் கணக்கு) தவிர யாரும் எழுத முடியாதபடி மாற்றினேன். இதைப் படிப்பவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

அப்புறம்தான் பேம்-மவுண்டுக்கு வந்தேன். லாகின் திரையில் அடிக்கும் பாஸ்வேர்டையே எடுத்துக்கொண்டு அந்த ஆளின் ஷேரை அவருடைய ஹோம் ஃபோல்டருக்குள் இணைத்துவிடும், லாக் அவுட் செய்தால் கழற்றிவிடும். பாஸ்வேர்டை எங்கும் எழுதி வைக்க வேண்டியதில்லை. செட்டிங் எல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலில். எல்லா யூசருக்கும் என்று நட்சத்திரக் குறி போடாமல், தனி க்ரூப் ஒன்று உருவாக்கி அதில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று கொடுத்தேன். ஃபைல் மோட் 0600, டைரக்டரி மோட் 0700 (உரியவர் மட்டுமே திறக்கலாம் என்று பொருள்) என்றும் சேர்த்துவிடுங்கள். 'ஸ்விட்ச் யூசர்' செய்து இரண்டு பேர் ஒரே மிஷினில் இருக்கும்போது ஒருவர் ஃபைலை இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாமல் இருக்க அது வேண்டும்.

3 வருடத்தில் இணைப்பு விஷயத்தில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறு இடத்தில். பாஸ்வேர்டு அடித்தால்தான் இது வேலை செய்யும். ஒருவர் அவசரத்துக்கு ஆட்டோ லாகின் போட்டுக்கொண்டு "டிரைவ் வரவில்லை" என்று இரண்டு நாள் என்னைத் திட்டினார். கைரேகை வைத்து நுழைந்தாலும் இதே கதைதான். சில சமயம் பின்னணியில் ஏதாவது புரோகிராம் ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கும், லாக் அவுட் ஆனாலும் ஷேர் கழறாது; அடுத்த நாள் வேறு மிஷினில் அதே ஃபைலைத் திறந்தால் லிப்ரேஆபீஸ், இன்னொருவர் திறந்து வைத்திருக்கிறார் என்று அவருடைய பெயரையே காட்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை பாஸ்வேர்டு மாற்றுவது. 4 டெஸ்க்டாப்பிலும் தனித்தனி கணக்கு, சர்வரில் சாம்பாவுக்கு ஒன்று, ஆக 5 இடம். ஒன்றில் விட்டுப்போனாலும் லாகின் ஒழுங்காக நடக்கும், டிரைவ் மட்டும் சத்தமில்லாமல் வராது, மிஷின் தானாக எழுதி வைக்கும் லாக் ஃபைலைத் திறந்து பார்த்தால்தான் காரணம் தெரியும். இப்போதைக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி 5 இடத்திலும் ஒரே தடவையில் மாற்றுகிறேன். சரியான வழி சாம்பாவையே ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலராக்குவது (எல்லோருடைய கணக்கும் பாஸ்வேர்டும் ஒரே இடத்தில் இருக்கும்), 2012-இல் வந்த 4.0-இலிருந்தே அந்த வசதி உண்டு. 11 பேருக்கு அது தேவையா என்று ஒவ்வொரு வருடமும் யோசித்துத் தள்ளிப்போடுகிறேன். அடுத்த மாதம் இன்னும் 3 பேர் சேர்கிறார்கள், அநேகமாக இந்தத் தடவை தள்ளிப்போட முடியாது.