ஹாம்ஸ்டருக்குக் கம்பிக் கூண்டா, கண்ணாடித் தொட்டியா?

எலி போன்ற சிறிய வளர்ப்பு உயிரான சிரிய ஹாம்ஸ்டருக்கு 100 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் கொண்ட தரைப்பரப்பாவது தேவை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கம்பிக் கூண்டில் காற்றோட்டம் நன்றாக இருக்கும். தூக்குவதும் கழுவுவதும் எளிது. ஆனால் அதன் அடித்தட்டு பெரும்பாலும் ஆழமற்றது என்பதால், வளை தோண்டி வாழும் இந்த உயிருக்குத் தேவையான அளவு மரச்சீவலை அதில் நிரப்ப முடிவதில்லை. இது சிறிய குறையன்று. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10, 40, 80 செ.மீ. ஆழமுள்ள மரச்சீவல் படுக்கைகளில் ஹாம்ஸ்டர்களை வளர்த்து, 2006இல் வெளியிட்ட ஆய்வில், 10 செ.மீ. ஆழத்தில் இருந்தவையே, மன உளைச்சலின் அறிகுறியாகக் கம்பியை மிக அதிகமாகக் கடித்தன.

கண்ணாடித் தொட்டியிலோ வாசனையற்ற மரச்சீவலுடன் வைக்கோலைக் கலந்து 25 செ.மீ.க்கும் மேல் அழுத்தி நிரப்பலாம். வளையும் எளிதில் இடியாது. எடை அதிகம்தான், எனினும் நான் இதையே பரிந்துரைப்பேன். கம்பிவலை மூடியே பொருத்த வேண்டும். வெயில் படும் சன்னலருகே வைக்கவே கூடாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஒன்றில் ஒரு ஹாம்ஸ்டரை மட்டுமே வளர்க்க வேண்டும். ஓடுசக்கரம் ஏறத்தாழ 28 செ.மீ. விட்டமும் இடைவெளியற்ற ஓடுதளமும் கொண்டதாக இருக்கட்டும். அதன் பாரம் வளையை நசுக்காதபடி, தரையில் ஊன்றிய கால்களுள்ள பலகையின்மேல் அதை வைப்பது நல்லது.