ஓவியரிடம் பச்சை குத்திக்கொண்ட அனுபவம்

பாட்டியின் முன்கையில் இருந்த புள்ளிக்கோலத்தை என் கையிலும் பதித்துக்கொள்ள வேண்டும் என்ற நெடுநாள் ஆசையோடு, சென்னையில் ஓவியர் ஒருவர் தனியாக நடத்தும் சிறிய டாட்டூ கடைக்குச் சென்றேன். வாரத்தில் 3 நாட்கள் மட்டுமே அவர் பச்சை குத்துகிறார். மற்ற நாட்களில் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைகிறார். அதனால் 5 வாரங்கள் காத்திருக்க நேர்ந்தது. இதை முன்பணம் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஆயினும் இரண்டு தொழிலையும் அறிந்த கை என்பது வேலையில் தெரிந்தது. நான் கொண்டுபோன படத்தில் இழைகள் மிக நெருக்கமாக இருந்தன. காகிதத்தில் அது அழகுதான். ஆனால் மேல்தோலுக்குக் கீழே, ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் தங்கும் மை, ஆண்டுகள் செல்லச் செல்லச் சற்றே பரவும் என்பதால், புள்ளிகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி விட்டுப் பென்சிலால் மூன்று முறை வரைந்து காட்டினார். ஊதா நிற ஸ்டென்சிலை, அதாவது கோலத்தின் அச்சைத் தோலில் பதிக்கும் தாளை, ஒட்டிய பிறகு, மணிக்கட்டைத் திருப்பும்போது கோலம் கோணுவதைக் கவனித்து, முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினார். அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்தது. புதிய ஊசியின் உறையை என் கண்முன்னேதான் பிரித்தார்.

நான்கு மாதங்களில் ஒரே ஒரு வளைவில் மட்டும் மை வெளிறியது. அதையும் கட்டணமின்றிச் சரிசெய்து கொடுத்தார்.